ஒன்பது நாள் விக்கல்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒட்டி ஓர் ஆணி அடித்திருந்தோம். அதில் நூலில் கட்டிய ஒரே ஒரு வற்றல் மிளகாய் தொங்கும். வருகிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். நான் விளக்கம் சொன்னதில்லை. யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த மிளகாய் என் மனைவியின் வலது கண்ணுக்காக. காலையில் முகம் கழுவிவிட்டு அதன் முன்னால் வந்து நிற்பாள். சிறிது நேரம் பார்ப்பாள். "செவப்பா இருக்கு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மசாலாக் கிடங்கில் எடை போடுகிறவன். சுக்கு, மிளகு, ஜாதிக்காய் மூட்டைகளைத் தராசில் ஏற்றி, எடையைச் சாக்கின் மேல் மையால் எழுதவேண்டும். அப்பா முனிசிபாலிட்டி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் பிறந்தது, மலையாளத்தில் பத்தாம் வகுப்பு படித்தது எல்லாம் இங்கேதான். என் மனைவி பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். கல்யாணமாகி வந்த பிறகு யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்கு முற்றத்தில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் கை ஓடும் வேகத்தைப் பார்க்க, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். நின்று பேசமாட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள். அவ்வளவுதான் எங்கள் காதல்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு இடது கண் வலித்தது. கண்ணைத் திருப்பினால் வலி. சும்மா இருந்தால் இல்லை. சுக்குத் தூசி விழுந்திருக்கும் என்றாள். அந்த முற்றத்தில் வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் கண் எரியும், மூக்கு ஒழுகும். அதனால் அது தூசி என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீரில் கழுவினாள். தாய்ப்பால் விட்டால் நல்லது என்று ஒருத்தி சொல்ல, பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் போய் வாங்கி விட்டுக்கொண்டாள். எல்லாம் செய்து பார்த்துவிட்டு எர்ணாகுளத்து ஆஸ்பத்திரிக்குப் படகேறும்போது மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்தக் கண்ணில் வெளிச்சம் வருவதும் போவதும் மட்டும்தான் மிஞ்சியது.

அது எங்கள் முதல் தவறு. அப்போது அதற்கு ஒரு நோயின் பெயர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கண் நரம்பு வீங்கியது, கெட்டுப்போனது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இன்னொரு கண் இருக்கிறதே என்று நாங்களும் வீடு திரும்பினோம்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, பாவாடை நாடா இறுக்குகிறது என்று அவள் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அப்படியும் இறுக்கம் போகவில்லை. தொப்புளைச் சுற்றி யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இருக்கிறது என்றாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு, சேச்சி, உங்கள் செருப்பு ஒன்று பின்னால் கிடக்கிறது என்றார். கால் செருப்பை விட்டதே அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் போகவில்லை. அன்றைக்கு அவளைத் தூக்கிக்கொண்டுதான் படகில் ஏறினேன்.

அந்த முறைதான் எங்களுக்கு நல்ல டாக்டர் கிடைத்தார். நரம்பு டாக்டர், மலையாளி அம்மா. மிக மெதுவாகப் பேசுவார். ஐந்து நாள் நரம்பில் மருந்து ஏற்றினார். கால் பாதி திரும்பி வந்தது. ஒரு கைத்தடியோடு நடந்து வீட்டுக்கு வந்தாள். சுக்கு முற்றத்து வேலை அதோடு நின்றது.

இது அபூர்வமான நோய், உடம்பின் காவல்காரன் ஆள் தெரியாமல் வீட்டுக்காரனையே அடிக்கிறான் என்று டாக்டர் சொன்னார். கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தேடிப் போய் அடிக்கும். அடித்துவிட்டுப் பதுங்கிக்கொள்ளும். மறுபடி எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. வந்தால் உடனே மருந்து ஏற்றவேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் உடம்பில் ஏதாவது ஒன்று போய்விடும். அதனால் வருவதை முதலில் கண்டுபிடிக்கவேண்டியவன் நான்தான் என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிற தனக்கு அது கடைசியாகத்தான் தெரியும் என்றார்.

எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தவை இவை. சிவப்பு நிறம் முதலில் வெளுக்கும். தன் பேனாவின் சிவப்பு மூடியைக் காட்டித்தான் அதைச் சொன்னார். கண்ணைத் திருப்பினால் வலிக்கும். வயிற்றைச் சுற்றி இறுக்கும். குளிக்கும் தண்ணீரின் சூடு ஒரு காலுக்குத் தெரியும், மற்ற காலுக்குத் தெரியாது. வெயிலில் நின்றாலும் காய்ச்சல் வந்தாலும் பழைய கோளாறுகள் தலைகாட்டும். அது பொய். உடம்பு ஆறினால் போய்விடும். காய்ச்சல் இல்லாமல், புதிதாக ஒன்று வந்து, ஒரு முழு நாளுக்கு மேல் நின்றால் அது உண்மை.

பொய்யையும் உண்மையையும் பிரிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு கோடைக்காலம் ஆனது. சித்திரை வெயில் காயும் மேடம் மாதத்து மதியங்களில் அவள் கால் இழுக்கும். ஈரத்துண்டைப் போட்டு ஃபேன் கீழே உட்காரவைத்தால் சாயா நேரத்துக்குள் சரியாகிவிடும். அவள் கைத்தடி சிமெண்டுத் தரையில் விழும் சத்தத்தை வைத்தே எப்படி இருக்கிறாள் என்று பக்கத்து அறையிலிருந்து எனக்குத் தெரியும். தம்ளரை மேஜையின் விளிம்பில் வைக்கிறாளா, நடுவில் வைக்கிறாளா என்று பார்ப்பேன். பார்ப்பதை அவளிடம் சொன்னதில்லை. ஒருநாள் அவளே, "என்னங்க, சாக்கு மூட்டைய எடை போடற மாதிரி என்னைப் பாக்காதீங்க" என்றாள்.

மிளகாய் என் யோசனைதான். எங்கள் தெருவில் சிவப்புக்கா பஞ்சம்? நல்ல நிறமான ஒன்றைக் கிடங்கிலிருந்து கேட்டு வாங்கி வந்து ஆணியில் மாட்டினேன். ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு காலை அவள் அதன் முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். "வெளுத்திருக்கு" என்றாள்.

ஒற்றைக் கண். ஒத்துப் பார்க்க இன்னொரு கண் இல்லை. நூலோடு அந்த மிளகாயை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் இருவரும் படகேறினோம். அன்று எங்கள் டாக்டர் லீவு. ஓர் இளம் டாக்டர் இருந்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். எல்லாம் முன்பு இருந்ததுபோலவே இருந்தது. பிறகு எதைப் பார்த்து வெளுப்பு என்கிறீர்கள் என்று கேட்டார். நான் பையிலிருந்து மிளகாயை எடுத்து நீட்டினேன். அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"சேட்டா, கண்ணினல்ல குழப்பம். முளகினாணு."

கோளாறு கண்ணில் இல்லை, மிளகாயில் இருக்கிறது. அப்போதுதான் நானும் பார்த்தேன். ஜன்னல் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கி அது வைக்கோல் நிறமாகியிருந்தது. தினமும் பார்த்ததால் எனக்குத் தெரியவே இல்லை. நர்ஸுகள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். திரும்பும் படகில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எனக்காச்சும் ஒரு கண்ணு. உங்களுக்கு ரெண்டு இருந்து என்ன பிரயோஜனம்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வீட்டுச் சேச்சியைக் கூப்பிட்டு அந்தக் கதையை நடித்தே காட்டினாள்.

அடுத்த மாதம் எங்கள் டாக்டர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. நூறு முறை பொய்யாக வந்தாலும் பரவாயில்லை, வரவேண்டும் என்றார். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஆனால் மனதில் தங்கியது அந்தச் சிரிப்புதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புது மிளகாய் மாட்டினேன். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் எதிரில் வந்தால் சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு படத்தைப் பார்ப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். அம்மா விழுந்தபோது அவளுக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. ஒரு கையில் புத்தகமும் மறுகையில் அம்மாவின் கையுமாக வளர்ந்தவள். படித்து முடித்து எர்ணாகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குப் போனாள். களமசேரியில் ஒரு ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒருநாள் சொன்னாள். வேறு மதம். என் மனைவி முடியாது என்றாள். மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. பதிவு செய்துகொண்டு, தன் துணிகளை எடுத்துப்போக வந்தாள். பையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே இறங்கியதும், என் மனைவி வாசலுக்குக் குறுக்கே கைத்தடியை நீட்டினாள்.

"இந்த வாசல்ல இனிக் கால் வைக்காத. எனக்கு ஒரு கண்ணு போனப்பவே பழகிடுச்சு. இன்னொண்ணும் போனதா நெனச்சுக்கறேன்."

மகள் பையோடு தெருவில் நடந்து போய்விட்டாள். நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இரண்டு பேரில் யாரிடமாவது பேசியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

இரண்டு வருடம் அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. களமசேரி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒருமுறை போனேன். ஜங்ஷனில் இறங்கி, ஒரு சாயா குடித்து, யாரிடம் எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். என் மனைவியும் போகச் சொல்லவில்லை. ஆனால் மாலையில் பஸ் வரும் நேரத்துக்கு அவள் கைத்தடியின் சத்தம் வாசல் வரை போய்த் திரும்பும்.

விக்கல் வந்தது அந்த நாட்களில்தான். மதியம் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு எழுந்ததும் தொடங்கியது. தண்ணீர் குடித்தாள், நின்றது. சாயங்காலம் மறுபடி வந்தது. மறுநாள் எழுந்ததும் வந்தது. நான் என் கடமைகளைச் செய்தேன். மிளகாயைக் காட்டினேன். "செவப்பா," ஒரு விக்கல், "இருக்கு" என்றாள். கால் விரல்களைக் கிள்ளினேன், தெரிந்தது. வயிற்றில் இறுக்கம் இல்லை. குளிக்கிற தண்ணீரில் இரண்டு காலுக்கும் ஒரே சூடு. டாக்டர் சொன்ன ஒவ்வொரு கதவையும் போய் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் பூட்டியிருந்தது. நிம்மதியாக இருந்தது.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பது நம்மவர்கள் எல்லோரும் சொல்வதுதான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு விளையாட்டும் உண்டு. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லவேண்டும். எந்தப் பெயரில் விக்கல் நிற்கிறதோ அவர்தான் நினைத்தவர். அன்றைக்கு அவளைச் சிரிக்கவைக்க நான்தான் தொடங்கினேன். பாலக்காட்டிலிருக்கும் அவள் அண்ணன் பெயரைச் சொன்னேன், நிற்கவில்லை. அடுத்த வீட்டுச் சேச்சி, நிற்கவில்லை. சுக்கு முற்றத்துப் பழைய மேஸ்திரி. அவள் விக்கலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் மூச்சு முட்டி, "அந்தாளு நெனச்சா எனக்கு விக்கல் வராது, பேதிதான் வரும்" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கியது. எங்கோ பார்த்துக்கொண்டு அவளாகவே மகளின் பெயரைச் சொன்னாள்.

விக்கல் நின்றது.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கஞ்சி பொங்கி வழிகிற நேரம் வரை ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி தொடங்கியது. அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா. மறுபடியும் நெனைக்கறா."

அதற்குப் பிறகு அவள் விக்கலுக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. தம்ளரை நீட்டினால் தள்ளிவிட்டாள். "வேண்டாம், நின்னுடும்" என்றாள். மூன்றாம் நாள், நான்காம் நாள் அப்படியே போனது. விட்டுவிட்டு வரும். வரும்போது நெஞ்சே குலுங்கும். ஆனால் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். மகளின் பழைய பெட்டியை இழுத்து உள்ளேயிருந்த துணிகளை வெயிலில் போட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். இவ்வளவு நினைக்கிறவள் வராமலா இருப்பாள் என்று என்னிடம் இரண்டு மூன்று முறை கேட்டாள். வருவாள் என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதில் நம்பிக்கை இருந்தது.

ஐந்தாம் நாள் மாத்திரைச் சீட்டு புதுப்பிக்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளம்பும்போது, "இத அங்க போய் சொல்லி வைக்காதீங்க, மொளகாக் கதை மாதிரி ஆயிடும்" என்றாள். டாக்டர் கண்ணைக் கேட்டார், காலைக் கேட்டார், சிறுநீரைக் கேட்டார். எல்லாம் பரவாயில்லை என்றேன். சீட்டில் எழுதிக்கொண்டே, எப்போதும் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"வேறெ எந்தெங்கிலும் உண்டோ?"

வேறு ஏதாவது உண்டா. பக்கத்து மேஜையில், அன்று மிளகாயைத் தூக்கிப் பிடித்த அந்த டாக்டர் உட்கார்ந்திருந்தார். என் முதுகுக்குப் பின்னால் வரிசை நின்றது. வாயைத் திறந்தேன். என் மனைவிக்கு விக்கல் என்று சொன்னால், அவர் திரும்பிப் பார்த்து, அப்படியென்றால் தண்ணீர் கொடுங்கள் என்பார் என்று தோன்றியது. அவள் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்கிறாள், ஏனென்றால் மகள் நினைக்கிறாள் என்று நான் சொல்லவேண்டியிருக்கும் என்று தோன்றியது. டாக்டர் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை கேட்டார்.

"ஒந்நுமில்ல" என்றேன்.

ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ இடங்களில் சொல்லியிருக்கிறேன். கூச்சமுள்ளவனுக்கு அது குடை மாதிரி. எதற்கும் விரித்துக்கொள்ளலாம்.

ஆறாம் நாள் வாந்தி தொடங்கியது. மாத்திரையால் வயிறு புண்ணாகியிருக்கும் என்று நினைத்து மோர் கொடுத்தேன். ஏழாம் நாள் சேச்சி மதில் அருகில் நின்று என்னைக் கூப்பிட்டார். மலையாளியான அவருக்கு இந்த விக்கல் நினைப்பு, பெயர் விளையாட்டு எதுவும் தெரியாது. அவர் கேட்டதெல்லாம் ஒரு வாரமாக மதிலைத் தாண்டி வந்துகொண்டிருந்த சத்தம்தான்.

"எக்கிள் இத்ர திவசம் நில்க்கில்ல. ஆசுபத்ரியில் கொண்டுபோ" என்றார்.

விக்கல் இத்தனை நாள் நிற்காது என்று எதையும் நம்பாத ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது. மிளகாய், தம்ளர், கைத்தடிச் சத்தம் என்று இரவு பகல் காவல் இருந்த எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். எட்டாம் நாள் அவள் குரல் மாறியது, ஜலதோஷம் பிடித்ததுபோல மூக்கால் பேசினாள். ஒன்பதாம் நாள் விடிந்ததும் கொடுத்த சாயா மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றாள். மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. அப்படியும் அன்று காலை, நான் கேட்காமலே, ஜன்னல் பக்கம் கையைக் காட்டித் தலையை ஆட்டினாள். சிவப்பாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

டாக்ஸியில் தோப்பும்படி வழியாகப் போனோம். இறங்கியதும் உள்ளே கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் சேர்த்தார்கள். டாக்டர் வெளியே வந்து எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஒன்பது நாளாக விக்கல் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூளைக்குக் கீழே, கழுத்துக்கு மேலே ஓர் இடம் இருக்கிறது, விக்கலும் வாந்தியும் அங்கிருந்துதான் பிறக்கின்றன, நோய் இந்த முறை அங்கே வந்திருக்கிறது, மூச்சுக்கான இடமும் அதன் பக்கத்திலேயே என்று விளக்கினார். இந்த நோயில் விக்கல் இப்படி வரும் என்பது டாக்டர்களுக்கே இப்போதுதான் தெரியவருகிறது, எங்களிடம் சொல்லாமல் விட்டது தன் தவறு என்றார். பிறகு, ஐந்தாம் நாள் நீங்கள் வந்தீர்களே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நாங்கள் கண்ணுக்குக் காவல் இருந்தோம். அது வேறு வழியாக வந்துவிட்டது.

அன்று மதியம் களமசேரிக்குப் போனேன். இந்த முறை ஜங்ஷனில் இறங்கி ஒரு கடை விடாமல் கேட்டேன். ஃபாக்டரி வாசலில் காவலாளியிடம் சத்தமாகப் பேசினேன். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மருமகன் வெளியே வந்தார். அதுவரை அவரை நான் பார்த்ததில்லை. அவர் என்னைத் தன் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனார். மகள் கதவைத் திறந்தாள். வயிறு பெரிதாக இருந்தது. ஏழு மாதம். நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

குழாய் போட்டவர்களால் பேச முடியாது. மெஷின் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விக்கல் நின்றிருந்தது. மகள் கட்டிலின் வலது பக்கம் போய் நின்றாள், எந்தப் பக்கம் நின்றால் அம்மாவுக்குத் தெரியும் என்பது அவள் உடம்புக்கு மறக்கவில்லை. என் மனைவி கண்ணைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பார்வை ஒரு நூல்கூடக் குறையவில்லை. மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பிறகு என் மனைவி என் பக்கம் பார்த்தாள். எத்தனையோ வருடம் தம்ளரையும் தடியையும் வைத்து அவளைப் படித்தவன் நான். அந்தப் பார்வையைப் படிக்க எனக்குச் சிரமம் இருக்கவில்லை. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல என்றாள்.

மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தையே வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி விட்டார்கள். ஆனால் வாந்தி ஏற்கெனவே நுரையீரலுக்குள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பன்னிரண்டாம் நாள் அவள் போய்விட்டாள். அதுவரை தினமும் காலையில் கண்ணாடிக்கு வெளியே நின்று, சட்டைப் பையிலிருந்த மிளகாயை எடுத்துக் காட்டினேன். கடைசி இரண்டு நாள் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியும் காட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் என்னிடம் கேட்டாள்.

"அம்மா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளாப்பா?"

"நீ வருவேன்னு சொன்னா. உன் துணியெல்லாம் வெயில்ல போட்டு வச்சா."

விக்கலைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்பது நாள் விக்கல் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும், டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அம்மா அதை ஏன் நிறுத்தவில்லை என்பது தெரியாது. அவளிடம் கேட்க எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒன்பது நாளும் நீ அம்மாவை நினைத்தாயா? நினைத்தேன் என்று அவள் சொன்னால் அதை நான் எங்கே வைத்துக்கொள்வது? நினைக்கவில்லை என்று சொன்னால் அதை எங்கே வைப்பது? கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் பலமுறை வாய்வரை வந்திருக்கிறது.

இந்த நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டார்களும் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் ஒரு கூட்டத்தை அந்த டாக்டர் பின்னாளில் தொடங்கினார். என்னையும் வந்து பேசச் சொன்னார். போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், பேச வரவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, பக்கத்திலிருந்த ஓர் அம்மாளிடம் மட்டும், விக்கல் வந்தால் இரண்டாம் நாளே கூட்டிவாருங்கள் என்றேன். விக்கலா என்று அவர் சிரித்தார். ஆமாம், விக்கல்தான் என்றேன். அவருடைய நோட்டை வாங்கி, நானே எழுதிக்கொடுத்தேன்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு காலை குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்து முடித்தாள். குழந்தைக்கு விக்கல் வந்தது. சின்ன உடம்பு முழுவதும் துள்ளியது. மகள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, குனிந்து, கொஞ்சலாகக் கேட்டாள்.

"யாருடி ஒன்ன நெனைக்கறா? ம்? அம்மம்மாவா?"

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். ஆணி காலியாக இருந்தது. கைக்குழந்தைகளுக்கு விக்கல் சாதாரணம், தானாக நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடமும் ஒருமுறை போன் செய்து கேட்டு வைத்திருந்தேன். அப்படியும் ஸ்பூனில் ஒரு சொட்டு வெந்நீர் ஆற்றி எடுத்துக்கொண்டு போய் மகளிடம் நீட்டினேன். எதுக்குப்பா, இப்ப நின்னுடும் என்றாள். கொடு என்றேன். என் குரலைக் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்பூனை வாங்கிக் குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

நின்றது. நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். கிடங்குக்கு நேரமாகிவிட்டது என்று அவள் இரண்டு முறை சொன்னாள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.